வீடு திரும்பிய முதல் வாரம்

தொப்பூர்க் கணவாயைத் தமிழகம் அறிந்திருப்பது விபத்துச் செய்திகளின் வழியாகத்தான். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தேசிய நெடுஞ்சாலை 44-இல், கட்டமேட்டுக்கும் இரட்டைப் பாலத்துக்கும் இடைப்பட்ட சில கிலோமீட்டர் சரிவில் சரக்கு லாரிகள் கட்டுப்பாட்டை இழப்பது பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. நெடுங்காலம் ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு தனிக் காரணம் எழுதப்பட்டது: ஓட்டுநரின் கவனக்குறைவு, பிரேக் பழுது, அளவுக்கு மீறிய பாரம். ஒவ்வொன்றும் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால், நாடெங்கும் ஓடுகிற லாரிகள் ஏன் இந்தச் சரிவில் மட்டும் இவ்வளவு சிக்குகின்றன என்று கேட்ட பிறகுதான் சாலையின் அமைப்பைப் பற்றிய பேச்சு தொடங்கியது. உயர்மட்டச் சாலைத் திட்டம் வந்தது.

மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களின் தற்கொலைகளைப் பற்றி நாம் இன்னும் அந்த முதல் கட்டத்திலேயே நிற்கிறோம் என்பது என் எண்ணம். அப்படியொரு மரணம் நிகழ்ந்தால் ஊரும் உறவும் காவல் துறையும் ஒரே வரியில் காரணம் சொல்லிவிடுகின்றன: “மனநிலை சரியில்லாதவர்; மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.” அத்துடன் விசாரணையும் முடிகிறது, சிந்தனையும் முடிகிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையின்படி இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். தமிழகத்தில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். காரணம் என்ற தலைப்பின்கீழ் குடும்பப் பிரச்சினைகள் 31.7 விழுக்காடு, நோய் 18.4 விழுக்காடு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு மரணத்துக்கு ஒரு காரணம் என்பது படிவத்துக்கு வசதி. சிகிச்சையில் இருந்த ஒருவர் கணவன் மனைவி சண்டைக்குப் பிறகு இறந்திருந்தால் அவர் எந்தப் பட்டியலில் சேர்வார் என்பது படிவத்தை நிரப்புகிற காவலரைப் பொறுத்தது.

நோய் ஒரு காரணம்தான், அதில் ஐயமில்லை. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, கடும் மனச்சோர்வு ஆகியவை தற்கொலை அபாயத்தைப் பல மடங்கு கூட்டுகின்றன. ஆயினும், மனச்சிதைவு நோயாளிகளில் வாழ்நாள் முழுவதையும் கணக்கிட்டாலும் தற்கொலையால் இறப்பவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவர் என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. மற்ற தொண்ணூற்றைந்து பேரும் அதே நோயுடன், பெரும்பாலும் அதே மருந்துகளுடன் வாழ்கிறார்கள். பத்தாண்டுகளாக நோயுடன் வாழ்ந்த ஒருவர் குறிப்பிட்ட ஒரு வாரத்தில் ஏன் இறந்தார் என்பதற்கு நோயின் பெயர் விடை சொல்வதில்லை. எனவே, யார் என்று கேட்பதோடு எப்போது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

‘எப்போது’ என்ற கேள்விக்கு மருத்துவ உலகிடம் ஓரளவு தெளிவான விடை உண்டு. டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளை வைத்து 2005-இல் வெளியான பெரிய ஆய்வொன்று, அபாயம் இரண்டு இடங்களில் உச்சம் தொடுவதைக் காட்டியது: மருத்துவமனையில் சேர்ந்த முதல் வாரம், அங்கிருந்து வீடு திரும்பிய முதல் வாரம். 2017-இல் பல நாடுகளின் 100 ஆய்வுகளைத் தொகுத்த மற்றோர் அலசல், மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களிடையே தற்கொலை விகிதம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 484 என்று கணக்கிட்டது. முதல் மூன்று மாதங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 1,132 ஆக உயர்கிறது. உலக மக்கள்தொகைக்கான பொதுவான விகிதம் லட்சத்துக்கு ஒன்பதை ஒட்டியது.

இந்த எண்ணைக் கண்டு நோயாளியின் வீட்டார் யாரும் நடுங்கிவிடக் கூடாது. ஆண்டுக் கணக்கில் 1,132 என்பதை மூன்று மாதத்துக்குப் பிரித்தால், வீடு திரும்பும் ஆயிரம் பேரில் ஏறத்தாழ மூவர் என்று ஆகிறது. 997 பேர் அந்தக் காலத்தைக் கடந்துவிடுகிறார்கள். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மேலை நாடுகளில் நடந்தவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால், அபாயம் எங்கே குவிகிறது என்பதில் நாட்டுக்கு நாடு பெரிய வேறுபாடு தெரியவில்லை. சரிவு இருக்குமிடம் தெரிந்துவிட்டது.

அந்தச் சரிவில் என்னதான் நடக்கிறது? இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் எழுதவில்லை. என் தம்பி பல ஆண்டுகளாக மனநலச் சிகிச்சையில் இருக்கிறான். இரண்டு முறை உள்நோயாளியாக இருந்து தொப்பூருக்குத் திரும்பியிருக்கிறான். இப்போது நலமாக, ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். அவனுடைய சம்மதத்துடன்தான் இவ்வளவையும் சொல்கிறேன்.

மருத்துவமனை வார்டில் ஓர் ஒழுங்கு உண்டு. விடிந்தால் தேநீர், குறித்த நேரத்தில் மாத்திரை, இரவில் விளக்கணைப்பு. செவிலியர் ஒருவர் எப்போதும் கண்ணில் படுவார். பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் இதே நோய் என்பதால் அங்கே வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு முற்பகலில் கையில் ஒரு சீட்டும் பதினைந்து நாள் மாத்திரையும் கொடுத்து அனுப்புகிறார்கள். பேருந்தில் ஏறி வீட்டு வாசலில் இறங்கும்போது அந்த ஒழுங்கு முழுவதும் அறுந்திருக்கிறது. வீட்டில் எல்லாரும் அவரவர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். நண்பகல் நேரத்து வீடு போலத் தனிமையானது வேறொன்றில்லை.

அடுத்து வருகிறவர்கள் நலம் விசாரிப்பவர்கள். “இப்போ பரவாயில்லையா?” என்ற கேள்வியில் கருணை இருக்கலாம், அந்தக் கேள்வியைச் சந்திப்பவருக்கோ ஒவ்வொரு முறையும் தன் நோய் அம்பலத்தில் வைக்கப்படுவதாகத் தோன்றுகிறது. மருத்துவமனைக்குப் போகுமுன் நடந்துகொண்ட முறை, பேசிய பேச்சு, செலவழிந்த பணம், அடகுக் கடைக்குப் போன நகை எல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரியவருகின்றன. நோய் உச்சத்தில் இருக்கும்போது இல்லாத தெளிவு, குணமடையத் தொடங்கும்போது வருகிறது. அந்தத் தெளிவே சுமையாகிவிடுவதை மனநல மருத்துவர்கள் நெடுங்காலமாகக் குறிப்பிட்டு வந்திருக்கிறார்கள். படித்தவர், முன்பு நன்றாக வாழ்ந்தவர், தன் மீது பெரிய எதிர்பார்ப்பு வைத்திருந்தவர் ஆகியோருக்கு இழந்தவற்றின் அளவு கூடுதலாகத் தெரிகிறது. வீட்டாரோ, “நன்றாகத்தானே பேசுகிறான்” என்று நிம்மதி அடைந்து காவலைத் தளர்த்தும் நேரம் அது.

உடலும் தன் பங்குக்கு வதைக்கிறது. சில மருந்துகள், குறிப்பாக அளவு மாற்றப்பட்ட நாட்களில், உட்கார முடியாத, நிற்க முடியாத ஓர் உள்ளார்ந்த தவிப்பை உண்டாக்கும். மருத்துவர்கள் இதை அகதீசியா என்பார்கள். பார்ப்பவருக்கு அது நோய் திரும்புவது போலவோ வெறும் பிடிவாதம் போலவோ தெரியும். அதற்கு மருந்து உண்டு. அளவைக் குறைத்தாலும் தணியும். ஆனால், அதைச் சொல்ல அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருக்கும். தூக்கம் கெடுவதும் அப்படியே. மயக்கமாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்துவதும், நிறுத்தியதை வீட்டாரிடம் மறைப்பதும், வலியை மறக்கக் குடிப்பதும் இந்த நாட்களில்தான் தொடங்குகின்றன.

2003-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை இங்கே குறிப்பிட வேண்டும். மருத்துவமனையில் இருக்கும்போதோ அங்கிருந்து வெளிவந்த உடனேயோ தற்கொலையால் இறந்த 76 பேரின் குறிப்பேடுகளை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகப் படித்தனர். தற்கொலை எண்ணம் பற்றிக் கடைசியாகக் கேட்கப்பட்டபோது 78 விழுக்காட்டினர் அப்படி எதுவும் இல்லை என்றே சொல்லியிருந்தனர். அதேவேளை 79 விழுக்காட்டினரிடம் இறப்புக்கு முந்தைய வாரத்தில் கடும் பதற்றமோ கொந்தளிப்போ பதிவாகியிருந்தது. வாய் இல்லை என்றது. உடல் ஆம் என்றது. ஆகவே, இல்லை என்ற பதிலை மட்டும் நம்பிவிடாமல் தூக்கத்தையும் தவிப்பையும் கவனிக்க வேண்டும். இதைக் கேட்கவே கூடாது என்று பொருள்கொள்ள வேண்டாம். “சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சம் நம் வீடுகளில் வலுவாக இருக்கிறது. அந்த அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. கேட்கப்பட்டவர்களில் பலருக்கு அது ஆறுதலாகவே இருந்திருக்கிறது.

சரி, அந்த மூவர் யார் என்பதை முன்கூட்டியே கண்டுபிடித்து அவர்களை மட்டும் காத்தால் போதாதா? நியாயமான கேள்வி. இதற்காக உலகெங்கும் வினாப்பட்டியல்களும் மதிப்பெண் முறைகளும் உருவாக்கப்பட்டன. அமெரிக்க மனநல மருத்துவர் அலெக்ஸ் போகோர்னி, முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் சேர்ந்த 4,800 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1983-இல் முடிவை வெளியிட்டார். அவர்களில் 67 பேர் தற்கொலையால் இறந்திருந்தனர். கையில் இருந்த எல்லா விவரங்களையும் இட்டுக் கணக்கிட்டபோதும் அவருடைய சூத்திரம் அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரைத் தவறவிட்டது. அபாயம் இல்லாத ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அபாயத்தில் இருப்பதாகக் காட்டியது. அதன்பின் நாற்பதாண்டுகள் கடந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. குறைந்த அபாயம் என்று முத்திரை குத்தப்பட்டவர்களிடமிருந்தே கணிசமான மரணங்கள் நிகழ்கின்றன.

இதனால் மருத்துவர்களைக் குறை சொல்ல முடியாது. மனித மனம் நாளுக்கு நாள் மாறுவது; ஒரு வெள்ளிக்கிழமை போட்ட மதிப்பெண் அடுத்த புதன்கிழமைக்குச் செல்லாது. ஆளைத் தெரிவுசெய்ய முடியாவிட்டாலும் நாட்கள் நமக்குத் தெரியும். அந்த நாட்களில் எல்லாரையும் தொடர்பில் வைத்துக்கொள்வது செய்யக்கூடிய காரியம்.

சான்பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் செய்தது எளிமையான ஒன்று. மருத்துவமனையிலிருந்து போன பிறகு தொடர்சிகிச்சையை ஏற்காத 843 பேரை எடுத்துக்கொண்டார். அவர்களில் ஒரு பாதிக்கு ஐந்தாண்டுகள் வரை அவ்வப்போது ஒரு சிறு கடிதம் அனுப்பப்பட்டது. நலமாக இருக்கிறீர்கள் என நம்புகிறோம், விரும்பினால் எங்களுக்கு எழுதலாம் என்ற அளவுக்குத்தான். அறிவுரை இல்லை, வாருங்கள் என்ற வற்புறுத்தல் இல்லை. கடிதம் பெற்றவர்களிடையே, குறிப்பாக முதல் இரண்டு ஆண்டுகளில், தற்கொலை மரணங்கள் குறைவாக இருந்தன.

இது அமெரிக்கக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். சென்னையில் இதைவிடத் தெளிவாக ஒன்று நடந்தது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நகரங்களில் ஓர் ஆய்வை நடத்தியது: பிரேசிலின் கம்பினாஸ், சென்னை, கொழும்பு, ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங். 1986-இல் சென்னையில் ‘சினேகா’வை நிறுவிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் இந்திய மையத்தின் பணியை முன்னெடுத்தவர். தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்ட 1,867 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அத்துடன், வீட்டுக்குப் போகும் நேரத்தில் ஒரு மணி நேர உரையாடல். பின்னர் 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ ஒரு விசாரிப்பு. முதல் விசாரிப்பு முதல் வாரத்திலேயே. 2008-இல் வெளியான முடிவின்படி, 18 மாதங்களில் முதல் பிரிவில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 0.2 விழுக்காட்டினர். விலையுயர்ந்த கருவியோ புதிய மருந்தோ அதில் இல்லை. பயிற்சி பெற்ற ஒருவரின் தொலைபேசி அழைப்புத்தான் இருந்தது.

பின்னர் வேறிடங்களில் நடந்த இத்தகைய ஆய்வுகள் எல்லாம் இதே அளவு பயனைக் காட்டவில்லை என்பதையும் மறைக்கலாகாது. மருத்துவ வசதியும் பின்தொடர்தலும் ஏற்கெனவே ஓரளவு உள்ள இடங்களில் கூடுதல் அழைப்பின் பயன் குறைவாகத் தெரிவது இயல்பே என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்றுமே இல்லாத இடத்தில்தான் ஓர் அழைப்பு மலையளவு. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு இயங்கும் தேசிய விசாரணைக் குழு, மனநலச் சிகிச்சையில் இருந்தவர்களின் தற்கொலைகளைப் பல ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறது. வீடு திரும்பிய இரண்டாம், மூன்றாம் நாட்களே அபாயம் மிகுந்தவை என்பது அதில் தெரிந்தது. ஏழு நாட்களுக்குள் என்றிருந்த முதல் சந்திப்பை 72 மணி நேரத்துக்குள் என்று அந்நாட்டு மருத்துவச் சேவை மாற்றியது.

தொப்பூருக்கு வருவோம். இங்கிருந்து மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தெற்கே சேலம் அரசு மருத்துவமனை, வசதியும் துணிவும் உள்ளவர்களுக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் தாண்டி பெங்களூரு நிம்ஹான்ஸ். போவதும் சேர்வதும் முடியாத காரியமல்ல. திரும்பி வந்தபின் நம்மைத் தேடி யாரும் வருவதில்லை என்பதே குறை. அடுத்த சந்திப்புக்கு நாள் குறித்துத் தருகிறார்கள். அந்த நாளில் நோயாளி வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆளில்லை. ஒரு நாள் கூலி போகும், உடன்வரும் ஒருவரின் கூலியும் போகும் என்பதற்காகவே தவறிப்போகும் சந்திப்புகள் ஏராளம். வெளிநோயாளர் பிரிவில் ஒரு காலைப்பொழுதில் நூறு பேரைப் பார்க்கிற மருத்துவரிடம், நேற்று வராதவரைத் தேடச் சொல்வது நியாயமும் அல்ல.

சட்டம் இதை எண்ணிப் பார்த்திருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தன் 98-ஆம் பிரிவில், நோயாளியை அனுப்புமுன் அவரையும் அவருடைய பிரதிநிதியையும் வீட்டாரையும் அடுத்துப் பொறுப்பேற்கும் மருத்துவரையும் கலந்து, இனி சிகிச்சை எப்படித் தொடரும் என்ற திட்டத்தை வகுக்க வேண்டும் என்கிறது. 18-ஆம் பிரிவு, அத்தியாவசிய மனநல மருந்துகள் சமூக சுகாதார நிலையங்கள் தொடங்கி மேலுள்ள அரசு மருத்துவ நிலையங்களில் எல்லா நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்கிறது 115-ஆம் பிரிவு. அந்த மூன்றாவது மட்டும் ஓரளவு பரவலாகத் தெரியும். 98-ஆம் பிரிவைப் பற்றி நோயாளியின் வீட்டார் எவரும் பேசி நான் கேட்டதில்லை. ‘15 நாள் கழித்து வரவும்’ என்ற குறிப்பையே திட்டம் என்று நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

வீடு தேடிப் போகும் வழக்கம் தமிழக அரசுக்குப் புதிதல்ல. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். 2004 வரை தருமபுரியின் பகுதியாக இருந்த மாவட்டம் அது. ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை, படுக்கையில் இருப்பவருக்கு இயன்முறைச் சிகிச்சை, வலி தணிக்கும் பராமரிப்பு எல்லாம் வாசலுக்கு வருகின்றன. சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் ஊழியர், மனநல மருத்துவமனையிலிருந்து மூன்று நாள் முன்பு வந்தவரின் வாசலில் நின்று இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போக முடியாதா?

முடியும். ஆனால், இதற்கொரு வலுவான மறுப்பு உண்டு. வரும் ஊழியர் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண். யார் வீட்டில் என்ன என்பது மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சுவதில் தவறில்லை. வீட்டில் மணமாக வேண்டிய பெண் இருந்தால் அந்த அச்சம் இரட்டிப்பாகும். ரகசியம் காக்கப்படுவது நோயாளியின் உரிமை என்று மேற்சொன்ன சட்டத்தின் 23-ஆம் பிரிவே சொல்கிறது. ஆகவே, வாசலில் ஆள் வேண்டுமா, தொலைபேசி அழைப்புப் போதுமா, அழைப்பவர் ஊர்க்காரரா வெளியாளா என்பதை மருத்துவமனையிலேயே நோயாளியிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தம்பியிடம் கேட்டேன். “போன் போதும். ஆனா, வார்டுல என்னைப் பார்த்த நர்ஸ் யாராவது பேசணும். புதுசா ஒருத்தர்கிட்ட முதல்ல இருந்து சொல்ல என்னால ஆகாது” என்றான். இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கும் விவரம் எந்த வினாப்பட்டியலிலும் இல்லை.

அரசு அதைச் செய்யும்வரை வீட்டார் செய்யக்கூடியவை சில உண்டு. முதல் இரண்டு வாரம் பகலில் ஒருவர் வீட்டில் இருக்கும்படி முறை வைத்துக்கொள்ளலாம். மாத்திரைகளை அன்றாடம் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை வேறொருவர் ஏற்கலாம். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருக்கக் கூடாது. வேறோர் இடத்தில், வேறொருவர் பூட்டில் இருக்கட்டும். எளிதில் கைக்கு எட்டாமல் செய்வது பெரிய காவல். கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்த இலங்கையில் தற்கொலை விகிதம் 1990-களின் நடுப்பகுதியிலிருந்து எழுபது விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததற்கு அது முக்கியமான காரணம். தூக்கமின்மை, தவிப்பு, மாத்திரை மறுப்பு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் குறித்த நாள்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

நள்ளிரவில் பேச ஆள் தேவைப்பட்டால் 14416 என்ற ‘டெலி-மானஸ்’ எண்ணும் தமிழக அரசின் 104 எண்ணும் உள்ளன. சினேகாவின் எண் 044-24640050. நோயாளி மட்டுமல்ல, அவரைப் பார்த்துக்கொள்பவரும் இவற்றில் பேசலாம். நான் பேசியிருக்கிறேன்.

மருத்துவமனைகளிடம் கேட்க வேண்டியது இப்போதைக்கு ஒன்றுதான். விடைகொடுக்கும் சீட்டில் ‘15 நாள் கழித்து வரவும்’ என்பதற்கு மேலே ஒரு வரி சேர்க்கட்டும்: மூன்றாம் நாள் உங்களை அழைத்துப் பேசப்போகிறவர் யார், எத்தனை மணிக்கு, எந்த எண்ணிலிருந்து.